வேலை போன மருமகளுக்கு

அன்புள்ள மருமகளே,

வாட்சாப்பில் பதில் போடத்தான் ஆரம்பித்தேன், நீண்டுவிட்டது. இதே கேள்வியோடு வேறு பிள்ளைகளும் இருப்பார்கள் என்று, உன் பெயரை விட்டுவிட்டு இங்கே எழுதுகிறேன்.

பினாங்கில், பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் ஆட்குறைப்பு வந்த பிறகு, "இஞ்சினியர் இல்லேன்னா நான் யாரு அத்தை?" என்று கேட்டாய். தினமும் காலையில் கண்ணை மூடி "நான் யார், நான் யார்" என்று சொல்லிப் பார்த்தும் ஒன்றும் வரவில்லை என்றாய். வராது. ரமண மகரிஷி சொன்ன 'நான் யார்' ஜபம் இல்லை.

1902 வாக்கில் வருவாய்த்துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை என்பவர் திருவண்ணாமலைக்குப் போய் ரமணரிடம் கேள்விகள் கேட்டார். ரமணருக்கு அப்போது 22 வயதுதான், பேசுவதில்லை. பதில்களை எழுதிக் காட்டினார். அதுதான் பின்னால், 1923-இல், 'நான் யார்?' என்று அச்சாகி வந்தது. உடம்பு நானல்ல, புலன்கள் நானல்ல, மனம் நானல்ல என்று தொடக்கத்தில் ஒரு நீண்ட பட்டியல் வருமே, அது ரமணர் எழுதியது அல்ல, பிள்ளை தாமே சேர்த்தது என்று சொல்கிறார்கள். எனக்கு இது முக்கியமாகப் படுகிறது. ஏனென்றால் நீயும் அந்தப் பட்டியலில்தான் மாட்டிக்கொண்டிருக்கிறாய். நான் இஞ்சினியர் இல்லை, அடையாள அட்டையில் 'ஏ/பி' (இன்னாரின் மகள்) என்று போட்டு அப்பா பெயரோடு இருப்பவள் இல்லை, பாரத்தில் 'பங்சா' (இனம்) என்ற கட்டத்தில் டிக் பண்ணுகிற 'இந்தியா' இல்லை... எல்லாவற்றையும் கழித்துவிட்டு, கடைசியில் அழகாக ஒரு பதில் வரும் என்று காத்திருக்கிறாய்.

ரமணர் சொன்ன வழி வேறு. ஓர் எண்ணம் எழுந்தால் அதன் பின்னால் போகாதே. "இது யாருக்கு?" என்று பார். எனக்கு. சரி, அந்த 'எனக்கு' எங்கிருந்து கிளம்புகிறது? எண்ணங்களில் முதலாவது 'நான்' என்பதுதான், அது எழுந்த பிறகே மற்றவை எழுகின்றன என்கிறார். கவனம் அந்த முதல் எண்ணத்தின் பக்கம் திரும்பினால் போதும், பதில் எழுத வேண்டியதில்லை. ராத்திரி இரண்டு மணிக்கு "வீட்டுக் கடன் என்ன ஆகும்" என்று பயம் வரும் இல்லையா? அந்த நேரம்தான் இதற்குத் தோதான நேரம். பயத்தைத் துரத்தாதே, பயப்படுகிறது யார் என்று திரும்பிப் பார். ஒரு நொடிதான் நிற்கும், மறுபடி ஓடும். ஓடினால் மறுபடி பார். 'நான் யார்' என்று தேடுகிற இந்த விசாரணை எண்ணமும் கடைசியில் மிஞ்சாது. பிணம் சுடுகிற தடி மாதிரி தானும் எரிந்துபோகும் என்பது அவருடைய உவமை. நான் அவ்வளவு தூரம் போனவள் இல்லை, ஆனால் அந்த ஒரு நொடி பொய் இல்லை என்று தெரியும்.

உன் அம்மா, என் அண்ணி, வேறு போன் பண்ணி, "பிள்ளை கோயிலுக்கே வர்றதில்ல, தைப்பூசத்துக்குப் பால்குடம் நேர்ந்திருந்தேன்" என்று புலம்பினார். ரமணரே அருணாசலத்தின் மேல் 108 கண்ணிகள் பாடியவர். 'நான் யார்' என்று பார், முடியாவிட்டால் சரணடைந்துவிடு என்று இரண்டு வழியும் சொன்னவர். தண்ணீர்மலை முருகன் கோயிலுக்கு ஏறுவதால் உன் விசாரணை கெட்டுப்போகாது. அம்மாவோடு போய்வா.

அப்புறம், எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஆசிரமத்துக்குப் போகிற யோசனையை ஆறப்போடு. குடும்பத்தை விடட்டுமா என்று கேட்டு வந்தவர்களை அவர் பெரும்பாலும் இருக்கிற இடத்திலேயே இருக்கத்தான் சொன்னார். கேள்வி கேட்ட சிவப்பிரகாசம் பிள்ளையே அப்போது சம்பளத்துக்கு வேலை பார்த்தவர்தானே.

பெர்கேசோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனம்) வேலை இழப்புக்கான மனுவை 60 நாளுக்குள் போட வேண்டும். போட்டுவிட்டாயா? இந்த வாரமே முடி.

அன்புடன்,
பிரிக்ஃபீல்ட்ஸ் அத்தை