காட்டுப் பாதையில் சக்கர நாற்காலிக்கும் இடம் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

அலுவலகங்களிலும் ரயில் நிலையங்களிலும் சாய்தளம் வேண்டும் என்பதை இன்று எவரும் மறுப்பதில்லை. ஆனால் காடு, ஏரிக்கரை, வயல்வெளி என்று வரும்போது, ‘அங்கெல்லாம் மாற்றுத்திறனாளிகள் எப்படிப் போக முடியும்?’ என்ற கேள்வியோடு பேச்சு நின்றுவிடுகிறது. 2006-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையோ, பொழுதுபோக்கிலும் சுற்றுலாவிலும் மற்றவர்களுக்குச் சமமாகப் பங்கேற்கும் உரிமையை 30-ஆவது பிரிவில் தெளிவாகக் கூறியிருக்கிறது.

பல இடங்களில் அவர்களைத் தடுத்து நிறுத்துவது மலையல்ல, மனிதர்கள் அமைத்தவைதான். இருசக்கர வாகனங்கள் நுழையாதிருக்க வாயிலில் நெருக்கமாக நட்ட கம்பங்கள் சக்கர நாற்காலியையும் வெளியே நிறுத்திவிடுகின்றன. நாற்காலியின் முன்சக்கரங்கள் சிறியவை என்பதால், பாதையில் கொட்டிய சரளையில் அவை புதைந்துகொள்ளும். பலகைப் பாதையில் பலகைகளை நீளவாக்கில் பதித்தால் இடுக்கில் சக்கரம் சிக்கும். அவற்றையே குறுக்காக, நெருக்கமாகப் பதித்தால் தடையின்றிச் செல்லலாம். காட்சிமுனையில் மார்பளவுக்குச் சுவர் எழுப்பினால், அமர்ந்திருப்பவர் அவ்வளவு தூரம் வந்து பார்ப்பது அந்தச் சுவரை மட்டுமே. இது எனக்கு மிகுந்த வேதனை தருகிறது.

காட்டுக்குள் கான்கிரீட் போட்டால் இயற்கை கெடும் என்ற கவலை நியாயமானது. ஆனால் கான்கிரீட் தேவையே இல்லை. பல இடங்களில், நீர் தெளித்து உருளையால் நன்கு இறுக்கிய கல்பொடியே போதும். சதுப்பு நிலத்தில் தரைக்கு மேலே உயர்த்தி அமைக்கும் பலகைப் பாதை, மிதிபடாமல் மண்ணையும் வேர்களையும் காக்கவும் செய்யும். பார்வையற்றோர் பற்றிச் செல்லப் பாதையோரம் ஒரு கயிறு கட்டுவது இன்னும் எளிது.

இவற்றுக்கெல்லாம் முன்பே செய்யக்கூடியது ஒன்று உண்டு. வாயிலில் சக்கர நாற்காலிப் படத்தை ஒட்டுவதோடு நில்லாமல், பாதையின் நீளமும் அகலமும் என்ன, தரை எத்தகையது, ஏற்றம் எங்கே தொடங்குகிறது, இளைப்பாற இருக்கை உண்டா, கழிப்பறை எவ்வளவு தொலைவில் உள்ளது என்பனவற்றை இணையதளத்தில் வெளியிட்டால், அவரவர் உடல்நிலைக்கேற்பப் போவதா வேண்டாமா என்று வீட்டிலிருந்தே முடிவு செய்துகொள்வார்கள். இதற்குப் பெரிய நிதி தேவையில்லை. அளவுநாடாவுடன் ஊழியர் ஒருவர் பாதை முழுவதும் நடந்தால் போதும். அவருடன் சக்கர நாற்காலியில் செல்லும் ஒருவரையும், பார்வையற்ற ஒருவரையும் உரிய ஊதியம் கொடுத்து அழைத்துச் செல்ல வேண்டும் என்றும், புதிய பாதைகளுக்கு வரைபடம் தயாரிக்கும் முன்பே அவர்களின் கருத்தைக் கேட்க வேண்டும் என்றும் வனப்பகுதிகளையும் பூங்காக்களையும் நிர்வகிப்போரைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்