கேள்விக்கு 20 பவுண்டு போதுமா?

ஆசிரியருக்கு,

இங்கிலாந்தில் குடும்ப மருத்துவர்களுக்கு வழங்கப்பட்ட ஊக்கத்தொகை பற்றிய தங்கள் தலையங்கம், மருத்துவமனைக் காத்திருப்புப் பட்டியல் குறையும் என்பதோடு நின்றுவிட்டது. 2025-26ஆம் ஆண்டுக்கு 8 கோடி பவுண்டு ஒதுக்கப்பட்ட இத்திட்டத்தில், நோயாளியை மருத்துவமனைக்குப் பரிந்துரைக்கும் முன் சிறப்பு மருத்துவரிடம் எழுத்தில் ஆலோசனை கேட்டால், ஒரு கோரிக்கைக்கு 20 பவுண்டு தரப்பட்டது. கேள்வி அனுப்பினாலே பணம் கிடைத்தது. பதிலை ஒட்டி என்ன செய்யப்பட்டது என்பது கணக்கில் வரவில்லை. 'இரத்தப் பரிசோதனை செய்து, மருந்தை மாற்றி, ஆறு வாரம் கழித்துப் பாருங்கள்' என்று பதில் வந்தால், அவ்வளவு வேலையும் குடும்ப மருத்துவர் தலையில்தான் விழும். தோல் புள்ளியின் படம் மங்கலாக இருந்தாலோ மருந்துப் பட்டியல் விடுபட்டாலோ கோரிக்கை திரும்பி வரலாம். அதுவரை நோயாளி எந்தப் பட்டியலிலும் இல்லை. 18 வாரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்ற இலக்குக்கான காத்திருப்புக் கணக்கு, முறையான பரிந்துரை மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்த பிறகே தொடங்குகிறது. இது நோயாளிக்குச் செய்யும் அநீதி.

இத்தகைய தொகையை இரண்டாகப் பிரித்துத் தரலாம்: கேட்கும்போது 10 பவுண்டு, பதிலை நோயாளிக்குத் தெரிவித்து அடுத்த நடவடிக்கையைப் பதிவு செய்தபின் 10 பவுண்டு. ஆலோசனை பின்னர் பரிந்துரையாக மாறினால், கோரிக்கை அனுப்பிய நாளிலிருந்தே காத்திருப்பைக் கணக்கிட வேண்டும்.