கிலோ 12 ரூபாய்க்குப் போன பாட்டுகள்: நூலக நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய நூலக நிர்வாகக் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

நூலகத்தின் பெயரை இந்த மடலில் எழுதவில்லை. யாரையும் ஊர் முன்னால் நிறுத்துவது என் நோக்கமில்லை. எந்த நூலகம், என்ன நடந்தது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். ஐப்பசி மழைக்கு நடுவில் மாடியிலிருந்த பாட்டு அறையைக் காலி செய்தீர்கள். கேசட்டுகளையும் இசைத்தட்டுகளையும் சாக்கில் கட்டிப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பினீர்கள். மீதி மூன்று அலமாரி மாடிப்படிக்கு அடியில் பூட்டிக் கிடக்கிறது. நான் கேட்பது ஒன்றுதான். அந்த மூன்று அலமாரியையும் எடைக்குப் போடாதீர்கள். ஒரு தடவை திறந்து பார்க்க விடுங்கள்.

நான் 1985ல் இந்த நீலகிரி மலையில் ரேடியோ, டேப் ரெக்கார்டர் பழுது பார்க்கும் கடை போட்டவன். பாட்டுப் பதிவும் செய்து கொடுப்பேன். ஒரு துண்டுப் பேப்பரில் லிஸ்ட் எழுதிக்கொண்டு வருவார்கள். 60 நிமிடக் கேசட்டில் இந்தப் பக்கம் ஆறு, அந்தப் பக்கம் ஆறு என்று போட்டுத் தருவேன். பாதி லிஸ்டுக்கு மேல் இளையராஜாதான். இங்கிலீஷ் பாட்டு என்றால் எஸ்டேட் பங்களாக்காரர்கள் கேட்பது என்று நினைத்திருந்தேன். அவர்களுடைய செட்டைப் பழுது பார்த்துக் கொடுத்திருக்கிறேனே தவிர, அதில் ஓடிய பாட்டை உட்கார்ந்து கேட்டதில்லை.

போன மாதம் ஒரு டிரான்ஸ்ஃபார்மர் தேடி அந்தப் பழைய இரும்புக் கடைக்குப் போனேன். தகரக் கூரை ஒழுகும் மூலையில் ஒரு சாக்கு. கிழிசல் வழியாக ஒரு கேசட்டின் முனை தெரிந்தது, அதில் நம் நூலகத்தின் ஊதா முத்திரை. கடைக்காரரிடம் கேட்டேன். கிலோ 12 ரூபாய்க்கு எடுத்தாராம். மூன்று கிலோ சொச்சம், 41 கேசட். நூறு ரூபாய் கொடுத்துச் சாக்கோடு தூக்கி வந்தேன். ஒரு கேசட்டுக்குக் கணக்குப் பார்த்தால் நூலகத்துக்கு ஒரு ரூபாய்கூடக் கிடைத்திருக்காது.

அந்த 41ல் ஒன்றுதான் இந்த மடலை எழுத வைத்தது. உறையில் 'ஹேட்ஸ்' என்று ஆல்பத்தின் பெயர் இருந்தது, பாடிய இசைக் குழுவின் பெயர் 'தி புளூ நைல்'. உள்ளட்டையில் யாரோ பேனாவால், 'மழை நாளில் கேட்க' என்று தமிழில் எழுதியிருந்தார்கள். கையெழுத்து இல்லை, தேதி இல்லை. நூலகத்துக்குத் தானமாகக் கொடுத்த குடும்பத்தில் யாராவது எழுதியிருக்கலாம்.

அது இருந்த நிலையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். டேப் சுருளின் ஓரம் முழுக்க வெள்ளைப் பூஞ்சை, மாவு தூவியது போல. ஒரு நாளில் பிடிப்பதல்ல அது, வருஷக்கணக்காக ஈரச் சுவரை ஒட்டி வைத்தால்தான் அப்படிப் பிடிக்கும். அப்படியே செட்டில் போட்டால், டேப்பிலிருந்து பாட்டை எடுக்கிற ஹெட்டெல்லாம் பூஞ்சை ஏறும், அடுத்துப் போடுகிற கேசட்டுக்கும் பரவும். பிஸ்கட் டின்னில், ஈரம் உறிஞ்சுகிற சிலிக்கா ஜெல் பையோடு நாலு நாள் மூடி வைத்தேன். கூடு திருகு இல்லாமல் ஒட்டியது, பிளேடால்தான் பிளக்க வேண்டியிருந்தது. உள்ளே டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கிற பிரஷர் பேட், அந்தச் சின்னப் பஞ்சுத் துண்டு, கழன்று விழுந்திருந்தது. சுருளை வேறு கூட்டுக்கு மாற்றி, கையாலேயே சுற்றிச் சுற்றி, மெல்லிய துணியால் துடைத்தேன். நாலு மில்லிமீட்டர்கூட அகலமில்லாத டேப் அது, கொஞ்சம் இழுத்தால் போச்சு. இரண்டாவது பக்கத்தில் பூஞ்சையில் ஒட்டியிருந்த ஒரு இடத்தில் அறுந்தும் விட்டது. செலோடேப் போட்டால் பசை கசியும் என்று, கேசட் டேப்பை இணைப்பதற்கென்றே பத்திரமாக வைத்திருந்த ஒட்டு டேப்பின் கடைசித் துண்டைப் போட்டு இணைத்தேன். இரண்டு மூன்று விநாடி பாட்டு போய்விட்டது. எந்தப் பாட்டில் தெரியுமா? 'ஃப்ரம் எ லேட் நைட் ட்ரெய்ன்'. பின்னிரவு ரயிலிலிருந்து பாடுகிற பாட்டு. பியானோவும் ஒரு ட்ரம்பெட்டும் ஒரு குரலும், அவ்வளவுதான். அந்தக் குரல் மூச்சு வாங்குகிற இடத்தில் டக்கென்று ஒரு வெட்டு. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அந்த இடம் வருவதற்கு முன்னாலேயே எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளி வைத்திருந்தால் அந்த விநாடிகள் தப்பியிருக்கும்.

சரி, பாட்டுக்கு வருகிறேன். குன்னூர் பெட்போர்டில் மழை விட்ட இரவு எட்டு மணிக்கு நின்றிருக்கிறீர்களா? கடைகள் சாத்தியிருக்கும், பனி இறங்கும், தெருவிளக்கு ஒவ்வொன்றும் பஞ்சுக்குள் வைத்தது போல எரியும். இந்த ஆல்பம் முழுக்க அந்த நேரம்தான். சிந்தசைசர் பனி மாதிரி மெதுவாகப் பரவுகிறது. அதற்குமேல் குழுவின் பாடகர் பால் புக்கனன் பாடுகிறார். குரல் உடையப்போகிற இடத்தில் மறைக்காமல் உடையவிடுகிறார். அமெரிக்கக் கறுப்பின மக்களின் சோல் இசையில் அடிவயிற்றிலிருந்து ஒரு இறைஞ்சல் வருமே, அது இந்த ஸ்காட்லாந்துக்காரரின் குரலிலும் இருக்கிறது. முதல் பாட்டே 'ஓவர் தி ஹில்சைட்', மலைச்சரிவைத் தாண்டி என்று. வார்த்தை பாதிதான் எனக்குப் புரிந்தது. வேலை முடிந்து களைத்துத் திரும்புகிறவனின் பாட்டு என்பது புரிந்தது. மொத்தம் ஏழே பாட்டு, நாற்பது நிமிடம்கூட ஆகாது. முதல் இரவு மூன்று தடவை கேட்டேன்.

கோயம்புத்தூரில் இருக்கும் என் மகள் போனில் தேடி மீதியைச் சொன்னாள். கிளாஸ்கோ நகரத்து மூன்று பேர், புக்கனன், ராபர்ட் பெல், பால் ஜோசஃப் மூர். முதல் ஆல்பம் 1984ல். அதை வெளியிட்டது லின் என்ற ரெக்கார்டு பிளேயர் செய்யும் நிறுவனத்தின் இசை வெளியீட்டுப் பிரிவு. என் தொழிலில் அந்தப் பெயரை மரியாதையோடுதான் சொல்வோம். அடுத்தது இந்த 'ஹேட்ஸ்', 1989ல். நடுவில் ஐந்து வருஷம். பதிவு செய்தது மனசுக்குப் பிடிக்காமல் தள்ளிவைத்துவிட்டு மறுபடி செய்தார்களாம். மொத்தமே நாலு ஆல்பம்தான், கடைசி 2004ல். இதிலுள்ள 'தி டவுன்டவுன் லைட்ஸ்' பாட்டைப் பிரிட்டிஷ் பாடகர்கள் ராட் ஸ்டூவர்ட்டும் ஆனி லெனாக்ஸும் 1995லேயே பாடியிருக்கிறார்கள். 2024ல் அமெரிக்கப் பாடகி டெய்லர் ஸ்விஃப்ட் தன் பாட்டு ஒன்றில் இந்தக் குழுவையும் அந்தப் பாட்டையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட பிறகு, சின்னப் பிள்ளைகளும் தேடிப் போய்க் கேட்கிறார்களாம். அவர்கள் தேடுகிற பொருள் நம் ஊரில் ஈரச் சாக்கில் கிடந்தது.

'அதுதான் போனிலேயே கிடைக்கிறதே, பிறகென்ன?' என்று உங்கள் அலுவலகத்தில் ஒருவர் என்னிடம் கேட்டார். கிடைக்கிறது, உண்மைதான். ஆனால் போனில் தேட எனக்குப் பெயர் தெரிந்திருக்க வேண்டுமே? அறுபது வயது தாண்டிய ஒரு தமிழ் மெக்கானிக்கின் கையில் இந்தப் பெயரை வைத்தது அந்தக் கேசட்தான். நூலகம் என்பதே அதற்குத்தானே இருக்கிறது, தேடாத ஒன்று கையில் அகப்படுவதற்கு? அப்புறம், சாக்கில் இன்னொன்றும் இருந்தது. லேபிளே இல்லாத கேசட். போட்டுப் பார்த்தால், ஒரு வயதான அம்மா படுகு மொழியில் பாடுகிறார். பின்னால் சின்னப் பிள்ளைகள் பேச்சு, எங்கோ ஒரு நாய் குரைக்கிறது. யாரோ ஒரு ஹட்டியில், அதாவது படுகர் ஊரில், வீட்டுக்குள் உட்கார்ந்து பதிவு செய்தது. அது எந்தப் போனிலும் கிடைக்காது. மூன்று அலமாரிக்குள் இப்படி எத்தனை இருக்கிறதோ! பார்க்காமல் எடைக்குப் போடாதீர்கள் என்று நான் மன்றாடுவது இதனால்தான்.

ஐந்து தடவை வந்தேன். முதல் தடவை செயலாளர் ஊரில் இல்லை. இரண்டாவது தடவை எழுத்தில் கொடுங்கள் என்றார்கள், கொடுத்தேன். மூன்றாவது தடவை அந்தக் கடிதத்தைக் காணோம். நாலாவது தடவை கூட்டத்தில் வைக்க வேண்டும் என்றார்கள். ஐந்தாவது தடவை, கொட்டுகிற மழையில் பஸ் இறங்கி வந்தவனிடம், 'அந்தப் பழைய குப்பைக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க?' என்று கேட்டார்கள். கேட்டவர் சின்னப் பையன், அவர்மேல் எனக்குக் கோபமில்லை. குப்பை என்ற வார்த்தையை அவருக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள்மேல்தான் கோபம். அந்தக் கேசட்டுகளைத் தந்தவர்கள் தங்கள் வீட்டிலிருந்து கொண்டுவந்து, நம்பி, உங்கள் கையில் ஒப்படைத்தார்கள். உங்கள் முத்திரை அதற்குச் சாட்சி.

நம் மலையில் எல்லாமே இப்படித்தான் ஆகிவிட்டது. மலை ரயிலுக்கு 2005ல் யுனெஸ்கோ அங்கீகாரம் கிடைத்ததை இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறோம். அந்த ரயில் கண்ணுக்குத் தெரிகிறது, படம் பிடிக்க ஆள் வருகிறார்கள், அதனால் காப்பாற்றுகிறோம். காதால் மட்டும் கேட்கக்கூடிய ஒன்றைக் கேட்க ஆளில்லை என்று தூக்கிப் போடுகிறோம். மேலே வருகிறவர் கையில் பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருக்கிறதா என்று செக்போஸ்டில் பார்க்கிற ஊர் இது. இங்கேயே ஒரு பொது நூலகம் தன் சேகரிப்பைப் பிளாஸ்டிக் விலைக்கு விற்கிறது, யாரும் ஏன் என்று கேட்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை.

கோபத்தில் வார்த்தை கூடியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். முப்பது வருஷமாக உங்கள் நூலகத்தின் உறுப்பினர் நான். அந்த அறைக்கு இனி வேறு உபயோகம் என்றால் அதையும் மறுக்கவில்லை. மறுபடியும் பணிவோடு கேட்கிறேன், அந்த மூன்று அலமாரியையும் எடைக்குப் போடாதீர்கள். வாரத்தில் ஒரு நாள், நீங்கள் சொல்கிற நாளில், உங்கள் ஊழியர் முன்னிலையில் திறந்து பார்க்கிறேன். ஒவ்வொன்றையும் துடைத்து, ஓட்டிப் பார்த்து, நோட்டில் பெயர் எழுதித் தருகிறேன். செட் என்னுடையது, சிலிக்கா ஜெல் என்னுடையது, கூலி ஒரு பைசா வேண்டாம். முடிவு எடுக்க நாளாகும் என்றால் அதுவரைக்கும் அலமாரியைச் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளியாவது வைக்கச் சொல்லுங்கள். மார்கழிப் பனிக்கு முன்னால் செய்ய வேண்டும்.

'ஹேட்ஸ்' கேசட்டில் உங்கள் முத்திரை இருக்கிறது. அது என்னுடையது அல்ல. அலமாரி திறக்கிற அன்றைக்கு மற்ற 40 கேசட்டோடு சேர்த்துக் கொண்டுவந்து ஒப்படைக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நூலக உறுப்பினர், ரேடியோ மெக்கானிக்
நீலகிரி