தனி ஒருவரை அனுப்புவதற்கு முன்

பெறுநர்: விண்வெளிப் பணித் திட்ட ஆலோசனைக் குழுவின் உறுப்பு நாடுகளும், ஐக்கிய நாடுகள் அவையின் விண்வெளி விவகார அலுவலகமும், வியன்னா.

மதிப்பிற்குரிய உறுப்பினர்களுக்கு,

வணக்கம். பூமியை நோக்கி வரும் ஒரு சிறுகோளையோ வால்மீனையோ திசைதிருப்ப மனிதர் ஒருவரைத் தன்னந்தனியாக ஆழ்விண்வெளிக்கு அனுப்ப நேர்ந்தால், அவருக்கு நாம் என்னென்ன கடமைப்பட்டிருக்கிறோம் என்பதை, உடனடி ஆபத்து எதுவும் கண்ணில் படாத இந்த வேளையிலேயே எழுத்தில் வகுத்து வைக்குமாறு கேட்டுக்கொள்ளவே இம்மடலை எழுதுகிறேன். இது கதாசிரியர்களின் கற்பனை என்று தாங்கள் ஒதுக்கிவிடக்கூடும். ஆனால் 2025-க்குள் சிறுகோள் ஒன்றுக்கு மனிதரை அனுப்புவதை அமெரிக்க அதிபராக இருந்த ஒபாமா 2010 ஏப்ரலில் அரசின் இலக்காகவே அறிவித்தார். அதைத் தொடர்ந்து உருவான திட்டம் 2017-இல் கைவிடப்பட்டது. ஆய்வுக்காக ஒருமுறை எண்ணிப் பார்க்கப்பட்ட பயணம், உலகமே அஞ்சி நிற்கும் நாளில் மீண்டும் எவர் நினைவுக்கும் வராது என்று நம்ப எனக்குக் காரணம் தெரியவில்லை.

இயந்திரத்தால் முடிகிற வேலைக்கு மனிதரை அனுப்பக் கூடாது என்பதில் நமக்குள் கருத்து வேறுபாடு இருக்காது. 2022 செப்டம்பர் 26 அன்று, சிறுகோளைத் திசைதிருப்பிப் பார்க்க நாசா அனுப்பிய, சுமார் 570 கிலோ எடைகொண்ட டார்ட் என்ற ஆளில்லா விண்கலம் நொடிக்கு 6 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் டைமார்ஃபஸ் என்ற சிறுகோள் மீது மோதியது. அந்தச் சிறுகோள் தன் பெரிய இணையான டிடிமோஸைச் சுற்றிவரும் நேரத்தை 73 நொடிகள் மாற்றினாலே வெற்றி என்று முன்கூட்டி வரையறுத்திருந்தார்கள். நேரம் ஏறத்தாழ அரை மணி குறைந்தது. போதிய முன்னறிவிப்பு கிடைத்தால் ஆளில்லாக் கலமே போதும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று வேண்டியதில்லை.

சிக்கல் முன்னறிவிப்பில்தான் இருக்கிறது. சைடிங் ஸ்பிரிங் என்ற வால்மீன் 2013 ஜனவரியில் கண்டறியப்பட்டது. 2014 அக்டோபர் 19 அன்று செவ்வாய்க் கோளை சுமார் 1,40,000 கிலோமீட்டர் தொலைவில் கடந்து சென்றது. கண்டறிந்த நாளுக்கும் கடந்த நாளுக்கும் இடையே இரண்டு ஆண்டுகள்கூட இல்லை. அது பூமியை நோக்கி வந்திருந்தால், புதிதாக ஒரு கலத்தை வடிவமைத்து, சோதித்து, ஏவுவதற்குள் காலம் கடந்திருக்கும். கையில் இருப்பதைக் கொண்டு எதையாவது செய்தாக வேண்டும் என்ற அத்தகைய நெருக்கடியில்தான், விண்கலத்தில் ஒருவரை ஏற்றி அனுப்பினால் எதிர்பாராத பழுதை அவரே சரிசெய்துகொள்வார் என்ற யோசனை மேசைக்கு வரும். ஆகவே என் முதல் வேண்டுகோள் மனிதரைப் பற்றியதன்று: இடைமறிக்கும் கலம் ஒன்றை முன்னதாகவே கட்டிமுடித்து, ஏவுவதற்கு ஆயத்தமாக வைத்திருக்குமாறு உறுப்பு நாடுகளுக்குப் பரிந்துரை செய்யுங்கள். அதற்கான செலவைத் தவிர்த்துவிட்டு, கடைசி நாளில் ஒருவருடைய உயிரைப் பணயம் வைத்து அவரை வீரர் என்று போற்றுவது நேர்மையாகாது.

அப்படியும் ஒருவரை அனுப்பித்தான் ஆகவேண்டும் என்றால், ஒருவரை மட்டும் அனுப்புவதற்கு நம்மிடம் என்ன அனுபவம் இருக்கிறது? விண்வெளியில் தனியாகப் பறந்தவர்களுள் மிக நீண்ட காலம் இருந்தவர் வலேரி பைக்கோவ்ஸ்கி. 1963 ஜூனில் வஸ்தோக்-5 கலத்தில் அவர் சென்ற அந்தப் பயணம் ஐந்து நாட்களுக்கும் சற்றே குறைவானது. மிர் என்ற ரஷ்ய விண்வெளி நிலையத்தில் தொடர்ந்து 437 நாட்கள் இருந்த வலேரி பொல்யக்கோவுக்கு உடன் தங்கியவர்கள் இருந்தார்கள். செவ்வாய்ப் பயணத்தின் ஒத்திகையாக மாஸ்கோவில் 520 நாட்கள் அடைபட்டிருந்தவர்களும் ஆறு பேர். ஓராண்டு, ஈராண்டு தனிமையில் ஒரு மனித மனம் விண்வெளியில் எப்படித் தீர்மானங்களை எடுக்கும் என்பது நம் அறிவுக்கு முற்றிலும் வெளியே இருக்கிறது. செவ்வாய்த் தொலைவில் ஒரு சொல் பூமியை வந்தடையவே 3 முதல் 22 நிமிடங்கள் ஆகும் என்பதால், அவர் யாரோடும் உரையாட முடியாது. கடிதம் எழுதிவிட்டுக் காத்திருக்கத்தான் முடியும். கதிர்வீச்சைப் பற்றித் தாங்கள் என்னைவிட நன்கு அறிவீர்கள். கியூரியாசிட்டி ஊர்தி செவ்வாய்க்குச் செல்லும் வழியில் அளந்தது நாளொன்றுக்கு சுமார் 1.8 மில்லிசீவெர்ட் (உடல் ஏற்கும் கதிர்வீச்சின் அலகு); தன் வீரர்களுக்கு வாழ்நாள் முழுமைக்குமாக நாசா வைத்திருக்கும் வரம்பே 600 மில்லிசீவெர்ட்தான். இந்த ஆபத்தோடு தனிமையும் சேரக் கூடாது; ஆகவே குறைந்தது இருவர் என்பது விதியாக இருக்க வேண்டும். எடையைக் காரணம் காட்டி ஒருவராகக் குறைக்க எந்தப் பொறியாளருக்கும் அதிகாரம் இருக்கக் கூடாது.

ஒப்புதல் பற்றிய கேள்வி இதைவிடக் கடினமானது. எண்ணூறு கோடிப் பேர் ஒருவருடைய முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்கையில் அவர் சொல்லும் "சரி" எந்த அளவுக்கு அவருடைய சொந்தச் சொல்? பெயர் வெளியில் தெரிவதற்கு முன்பே, மாற்று வீரர்கள் ஆயத்தமாக இருக்கும் நிலையிலேயே அந்த ஒப்புதல் பெறப்பட வேண்டும். ஏவுதலுக்கு முந்தைய நிமிடம் வரை காரணம் சொல்லாமல் விலகிக்கொள்ளும் உரிமையும், விலகியவர் யார் என்று எக்காலத்திலும் வெளியிடப்படாது என்ற உறுதியும் அவருக்கு இருக்க வேண்டும்.

ஒப்புதல் என்பது உண்மையான கணக்குகளைத் தெரிந்துகொண்டு தருவது. ஆனால் அந்தக் கணக்குகளோ நிலையற்றவை. 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032 டிசம்பரில் பூமியில் மோதுவதற்கான வாய்ப்பு 2025 பிப்ரவரி 18 அன்று 3.1 சதவீதம் வரை ஏறியது. புதிய அவதானிப்புகள் சேரச் சேர, அடுத்த சில நாட்களிலேயே அது ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போயிற்று. மதிப்பீடு இப்படி ஏறி இறங்குவது இயல்புதான். தங்கள் வல்லுநர்கள் அதைத் திறந்த முறையில் கையாண்டதைப் பாராட்டுகிறேன். எனினும் இதே மாற்றம், வீரர் ஒருவர் கிளம்பிச் சென்ற பிறகு நிகழ்ந்தால் என்ன செய்வது? ஆபத்து நீங்கிவிட்டது என்ற செய்தி, திரும்பிவர முடியாத தொலைவுக்கு அவர் போன பின் கிடைக்கலாம். எனவே ஒருவழிப் பயணத்தைத் தங்கள் குழு எந்நிலையிலும் ஏற்காது என்றும், பாதையின் ஒவ்வொரு கட்டத்திலிருந்தும் திரும்பும் வழியும் அதற்கான எரிபொருளும் உணவும் திட்டத்திலேயே இருந்தாக வேண்டும் என்றும் அறிவிக்குமாறு வேண்டுகிறேன். மீட்க இயலாத தொலைவு என்று ஒன்று இருந்தால், அந்த எல்லையைத் தாண்டும் முடிவைத் தரைக்கட்டுப்பாடு எடுக்கக் கூடாது. கலத்தில் இருப்பவர் எடுக்கட்டும்.

1969 ஜூலையில், அப்பல்லோ-11 வீரர்கள் இருவர் நிலவிலிருந்து எழும்ப முடியாமல் போனால் அதிபர் நிக்சன் ஆற்ற வேண்டிய உரையை அவருடைய உரை எழுத்தாளர் வில்லியம் சஃபையர் ஒரு குறிப்பாக எழுதி வைத்தார். அவர்கள் உயிரோடு இருக்கும்போதே வானொலித் தொடர்பு முடித்துக்கொள்ளப்படும் என்று அந்தக் குறிப்பு எதிர்பார்த்தது. அந்த வரி என்னை இன்றும் உறுத்துகிறது. அன்றைய அதிகாரிகளைக் குறை சொல்வது என் நோக்கமன்று. மனிதகுலத்துக்காக அனுப்பப்பட்டவரோடு பேசுவதைப் பூமி தானாக நிறுத்தாது, அவர் விரும்பிக் கேட்டால் ஒழிய நிறுத்தாது என்று ஒரே ஒரு விதி எழுதுவதில் யாருக்கும் நட்டமில்லை.

இந்தக் கடமைகளை அனுப்பும் நாட்டின் பொறுப்பில் மட்டும் விடுவதும் போதாது. செர்கேய் கிரிக்கல்யோவ் 1991 மே மாதம் சோவியத் ஒன்றியத்திலிருந்து மிர் நிலையத்துக்குச் சென்றார். 1992 மார்ச்சில் அவர் தரையிறங்கியபோது அவரை அனுப்பிய நாடே இல்லை. பல ஆண்டுகள் நீளும் பயணத்தில் அரசுகள் மாறும், வரவுசெலவுத் திட்டங்கள் மாறும். 1967-ஆம் ஆண்டின் விண்வெளி ஒப்பந்தம் வீரர்களை மனிதகுலத்தின் தூதர்கள் என்று ஏற்கெனவே அழைக்கிறது. அவர்களை மீட்பது பற்றி 1968-இல் தனி ஒப்பந்தமும் உண்டு. அந்தத் தூதருக்கான பொறுப்பை எல்லா உறுப்பு நாடுகளும் கூட்டாக ஏற்கும் பின்னிணைப்பு ஒன்றின் வரைவைத் தங்கள் அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் சேர்க்குமாறு கோருகிறேன். அப்போஃபிஸ் சிறுகோள் 2029 ஏப்ரல் 13 அன்று பூமியின் மேற்பரப்பிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டர் உயரத்தில் தீங்கின்றிக் கடந்து செல்லும். உலகின் கவனம் இயல்பாகவே தங்கள் பக்கம் திரும்பும் அந்த நாளுக்கு முன்பாக வரைவு பொதுமக்களின் கருத்துக்கு வெளியிடப்படுமானால் மகிழ்வேன்.

இப்படிக்கு,
தங்கள் பணியைத் தொடர்ந்து கவனித்துவரும் ஒரு குடிமகள்