தாளைக் கொடுக்குமுன் காந்தாரத்தைக் காட்டுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கோடை விடுமுறை வந்தால் நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கமெல்லாம் கிட்டார் வகுப்புகள் முளைத்துவிடுகின்றன. முதல் நாளே பிள்ளைகள் கையில் ஒரு தாள்: கட்டம் போட்டு, புள்ளி வைத்த கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) படங்கள். புள்ளியில் விரல் வைக்கப் பழகிவிடுகிறார்கள். பிறகு பாடகர் குழுவில் யாராவது சுருதியை அரைக்கட்டை ஏற்றினால் கை நின்றுவிடுகிறது. அந்தப் படம்தான் தாளில் இல்லையே!

கார்ட் என்பது அடிப்படையில் மூன்று சுரங்கள். மேஜர் வகைக்கு சட்ஜம் (ச), அந்தர காந்தாரம் (க), பஞ்சமம் (ப). மைனர் வகையில் காந்தாரம் மட்டும் சாதாரண காந்தாரமாக இறங்கும். வீணையின் மெட்டு போல, கிட்டாரின் கழுத்தில் குறுக்கே பதித்த உலோகப் பட்டைதான் ஃப்ரெட்; ஒரு ஃப்ரெட் அரைச்சுரம். ஒரே கம்பியில் சட்ஜத்திலிருந்து 3 ஃப்ரெட் தள்ளி சாதாரண காந்தாரம், 4 தள்ளி அந்தர காந்தாரம், 7 தள்ளி பஞ்சமம். சுருதியைக் கட்டையால் எண்ணுபவர்கள் இங்கே ஏமாறுவார்கள்: 1 கட்டைக்கும் 2 கட்டைக்கும் இடையே இரண்டு ஃப்ரெட், 3க்கும் 4க்கும் ஒன்றுதான்.

இ மேஜர் (இ என்ற சுரத்தைச் சட்ஜமாகக் கொண்ட மேஜர் கார்ட்) பிடித்து, 3வது கம்பியின் (மிக மெல்லியது 1, மிகத் தடித்தது 6) முதல் ஃப்ரெட்டில் இருக்கும் ஆள்காட்டி விரலை மட்டும் எடுத்தால் இ மைனர். எடுத்த விரலுக்குக் கீழே இருந்தது காந்தாரம். இதைக் காதால் கேட்ட பிள்ளைக்கு அப்புறம் விளக்கம் வேண்டாம்.

சி மேஜரில் 6வது கம்பியைத் தொடாதே என்கிறோம், காரணம் சொல்வதில்லை. அங்கே ஒலிப்பது அபசுரம் அல்ல, காந்தாரமேதான். ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் காந்தாரம் நின்றால் சட்ஜத்தின் பிடிமானம் தளர்ந்துவிடும். அதே சி மேஜரில் முதல் கம்பி ஊமையானால், 2வது கம்பியில் இருக்கும் ஆள்காட்டி விரல் சாய்ந்து அதில் படுகிறது என்று பொருள். கம்பி 'டர்ர்' என்று அதிர்ந்தால், விரல் ஃப்ரெட்டை ஒட்டி இல்லை. ஒவ்வொரு கம்பியாக மீட்டிப் பார்த்தால் குற்றவாளி தெரியும்.

எஃப் மேஜரில்தான் பலர் கிட்டாரை மூலையில் வைத்துவிடுகிறார்கள். அது இ மேஜர் வடிவம் ஒரு ஃப்ரெட் ஏறியது, அவ்வளவே. குறுக்கே படுக்கும் ஆள்காட்டி விரல் ஆறு கம்பியையும் நசுக்கத் தேவையில்லை. 5, 4, 3வது கம்பிகளை மற்ற விரல்கள் பார்த்துக்கொள்ளும். 6, 2, 1 ஒலித்தால் போதும். விரலின் எலும்புப் பக்கத்தைச் சற்றுத் திருப்பி அழுத்த வேண்டும். முதல் ஃப்ரெட்டில் கம்பி விறைப்பாக இருக்கும் என்பதால், இதே வடிவத்தை 5வது ஃப்ரெட்டில் (அங்கே அது ஏ மேஜர்) பழகிவிட்டு இறங்கி வரலாம்.

குளச்சல், முட்டம் போன்ற கடலோர ஊர்ப் பிள்ளைகள் வாசித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் கம்பியைத் துடைப்பது நல்லது. உப்புக்காற்றில் துரு சீக்கிரம் ஏறும். மழைக்காலத்தில் ஈரத்துக்கு மரம் உப்பிக் கம்பி உயர்ந்திருந்தால், பிள்ளையின் விரலைக் குறை சொல்லுமுன் கம்பியின் உயரத்தைச் சரிபாருங்கள்.

இப்படிக்கு,
இசைப் பயிற்றுநர்,
தக்கலை.