பூட்டிய வீட்டு வாசலில் கோலம் போட்ட அக்காவுக்கு

அன்புள்ள ஊர்க்காரர்களுக்கும் சொந்தங்களுக்கும் வணக்கம்.

நேற்று பொழுதோட அம்மா திண்ணையிலிருந்து கட்டுத்தறி வரைக்கும் நடந்தார். ஒரு கையில் தடி, இன்னொரு கை என் தோள்மேல். போய்ப் பசுவின் நெற்றியைத் தடவிவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தார். அதைப் பார்த்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுதலாம் என்று தைரியம் வந்தது.

மார்கழி ஆறாம் நாள் காலையில் அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும்படி நடந்தது என்னவென்று உங்கள் எல்லோருக்கும் தெரியும். என்னைவிட நன்றாகவே தெரியும், ஏனென்றால் நீங்கள் இங்கே இருந்தீர்கள், நான் இல்லை. அதனால் அதை மறுபடியும் சொல்லவில்லை.

ஈரோடு வரைக்கும் அந்த வேகத்தில் கார் ஓட்டி, வாடகை வாங்க மறுத்த அண்ணனுக்கு, நான் வந்து சேரும் வரை ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலேயே படுத்துக் கிடந்த பெரியப்பா மகனுக்கு, ரத்தம் கொடுத்துவிட்டுப் பெயர்கூடச் சொல்லாமல் போன இரண்டு காலேஜ் பையன்களுக்கு, ராத்திரிப் பணியில் அம்மாவைத் தன் தாயைப்போலத் திருப்பிப் படுக்க வைத்த நர்ஸ் தங்கைக்கு, பசுவையும் கன்றையும் தன் தொண்டுப்பட்டிக்கு ஓட்டிப்போய்ப் பார்த்துக்கொண்ட மாமாவுக்கு, தினமும் தூக்குப்போசியில் ரசஞ்சோறு அனுப்பிய மூன்று வீட்டாருக்கு, எல்லோருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன். தனித்தனியாக எழுத இப்போது தெம்பில்லை. யாரும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம்.

மீதிக் கடிதம் ஒருவருக்கு. எதிர்வீட்டு அக்கா, உங்களுக்குத்தான். போன சித்திரையில் குடிவந்தவர் நீங்கள். நான் அதற்குப் பிறகு ஊருக்கே வரவில்லை. மார்கழிக்கு முன்னால் உங்கள் முகம்கூட எனக்குத் தெரியாது.

அன்று காலை மில் பஸ்ஸை விட்டுவிட்டு, ஒரு நாள் கூலியையும் விட்டுவிட்டு, நீங்கள் செய்ததை ஊரே பேசுகிறது. அதைப் பற்றிப் பேச்செடுத்தாலே நீங்கள் வீட்டுக்குள் போய்விடுகிறீர்கள். சரி, அதைப் பேசவில்லை. ஆனால் அதற்குப் பிறகு, யாரும் கேட்காமல், யாருக்கும் தெரியாமல் இன்னொன்று செய்தீர்கள். அது எனக்கு ஏன் அவ்வளவு பெரிதாகப்பட்டது என்று சொல்ல வேண்டும். அதற்கு நான் குடியிருக்கிற படகைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

ஆஸ்பத்திரியில் பலரும் கேட்டீர்கள், இங்கிலாந்தில் படகில்தான் குடியிருக்கிறேனா, வருஷம் பூராவுமா, அந்தக் குளிரிலா என்று. ஆமாம். இரும்புப் படகு, 57 அடி நீளம், ஏழடிக்கும் குறைவான அகலம். உள்ளே கட்டில், அடுப்படி, குளியலறை எல்லாம் ரயில்பெட்டி மாதிரி ஒன்றன்பின் ஒன்றாக இருக்கும். அது நிற்பது லீட்ஸையும் லிவர்பூலையும் இணைக்கிற வாய்க்காலில். 127 மைல் நீளம், முழுதாக வெட்டி முடித்தது 1816இல். ஒரே இடத்தில் நிரந்தரமாக நிறுத்தக் குத்தகை எடுக்காதவர்கள் சாதாரணமாக 14 நாளுக்கு மேல் ஓரிடத்தில் நிற்கக்கூடாது, நகர்ந்துகொண்டே இருக்க வேண்டும். நான் நகர்கிற பக்கத்தில் மலைச்சரிவை ஒட்டி வளைந்து வளைந்து 17 மைல் ஒரே மட்டத்தில் தண்ணீர் நிற்கிறது. முதல் தடவை அதைப் பார்த்தபோது நம் காலிங்கராயன் வாய்க்கால்தான் ஞாபகம் வந்தது. பவானியிலிருந்து நொய்யல் வரைக்கும் மேட்டை ஒட்டிப் பாம்பு போகிற மாதிரி வளைந்து போகிறதே, அது. 1283இல் முடித்தார்கள் என்று பள்ளிக்கூடத்தில் படித்த வாய்க்கால். நான் படகு வாங்கினதைச் சொன்னபோது அம்மா திட்டவில்லை. “வாய்க்காக் கரையில பொறந்தவ வாய்க்காலுக்கே போய்ச் சேந்துட்டா” என்றார், அவ்வளவுதான்.

கோடையில் அது சொர்க்கம். டிசம்பர் வந்தால் சாயங்காலம் நாலு மணிக்கே இருட்டு. சோலார் தகட்டில் கரண்ட் அவ்வளவாக வராது. கரையிலுள்ள தண்ணீர்க் குழாய் உறைந்துபோகும். ராத்திரி ஜன்னல் கண்ணாடியில் நம் மூச்சே நீராகி வழியும், காலையில் அது பனிக்கட்டியாக ஒட்டியிருக்கும். சில நாள் வாய்க்காலே உறைந்துவிடும். அப்போது படகை நகர்த்தவும் கூடாது, உடைகிற பனி பக்கத்துப் படகுகளின் உடம்பைக் கீறிவிடும். அந்த நாட்களில் உயிர் இருப்பது கரியடுப்பில். படுக்கப்போகும் முன் கரியைப் போட்டுக் காற்றுவழியைக் குறைத்து வைத்தால் விடியும்வரை கனன்றுகொண்டிருக்கும். அதே அடுப்புத்தான் ஆபத்தும். புகைபோக்கி அடைத்துக்கொண்டாலோ படகுக்குள் காற்று வந்துபோக வழியில்லாவிட்டாலோ கார்பன் மோனாக்சைடு என்ற நச்சுவாயு உள்ளே தேங்கும். அதற்கு வாசனை கிடையாது. அதனால் அலாரம் இல்லாமல் யாரும் படுப்பதில்லை.

அங்கே நாங்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வது எப்படித் தெரியுமா? விடிந்ததும் பக்கத்துப் படகின் புகைபோக்கியைப் பார்ப்போம். புகை வந்தால் நல்லது, ஆள் எழுந்தாயிற்று. வராவிட்டால் போய்க் கூரையைத் தட்டுவோம். இரண்டு வருஷத்துக்கு முன் காய்ச்சலில் எழ முடியாமல் கிடந்தபோது, அதுவரை தலையாட்டலோடு சரி என்றிருந்த ஒரு வயசாளி அப்படித்தான் வந்து தட்டினார். கையில் ஒரு வாளிக் கரி. இந்தத் தடவை நான் போட்டது போட்டபடி விமானம் ஏறியபோது, குழாய் வெடிக்காமலிருக்கப் படகிலிருந்த தண்ணீரை வடித்துவிட்டு, கயிறுகளைச் சரிபார்த்துக்கொண்டிருப்பவரும் அவர்தான். அவருக்குத் தமிழ் தெரியாது, ஆனாலும் அவர் பெயரில் இங்கே ஒரு நன்றி இருக்கட்டும்.

இப்போது வாசலுக்கு வருகிறேன்.

அம்மா வெடியால அஞ்சு மணிக்கு வாசல் கூட்டி, சாணி தெளித்து, கோலம் போட்டு முடித்ததும் எனக்குப் போன் செய்வார். குளிர்காலத்தில் எனக்கு அப்போது முந்தின நாள் ராத்திரி பதினொன்றரை. நான் அடுப்பில் கடைசிக் கரியைப் போடுகிற நேரம். “வாசல் ஆச்சு கண்ணு” என்பார். “அடுப்பும் ஆச்சுங்கம்மா” என்பேன். நாலு வருஷமாக இதுதான் எங்கள் பேச்சு, பல நாள் இதற்குமேல் ஒன்றும் இருக்காது. அன்று போன் வரவில்லை. சார்ஜ் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு நான் தூங்கிவிட்டேன். அக்கா, நான் தூங்கிய அந்த நேரத்தில்தான் நீங்கள் எங்கள் வாசல் காய்ந்து கிடப்பதைப் பார்த்தீர்கள்.

வந்து மூன்றாம் நாள், அம்மாவுக்கு மாற்றுச்சேலை எடுக்க விடியும் முன் ஊருக்கு வந்தேன். தெரு முனையில் காரை விட்டு இறங்கி நடந்தேன். எங்கள் வீட்டு வாசல் ஈரமாக இருந்தது. சாணி வாசம். எட்டுப் புள்ளிக் கோலம். நடுவில் சாணிப் பிள்ளையார், தலையில் அருகம்புல்லும் அரசாணிப்பூவும். கதவில் பூட்டுத் தொங்குகிறது. ஒரு நொடி, அம்மா வீட்டுக்கு வந்துவிட்டார் என்றே நினைத்தேன். அப்புறம் கால் ஓய்ந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டேன்.

நீங்கள் சாப்பாட்டுப் பையோடு மில் பஸ்ஸுக்குக் கிளம்பி வந்தீர்கள். நான் யாரென்று நீங்கள் கேட்கவே இல்லை. “அம்மா கண்ணு முழிச்சுதுங்களா, அம்மிணி?” என்றுதான் கேட்டீர்கள். இது நீங்களா என்று நான் வாசலைக் காட்டியதும், தப்பு செய்தவர் மாதிரி நின்றீர்கள். “மார்கழி மாசம் பாருங்க. வாசல் காஞ்சு கெடந்தா வூடு வூடாட்ட இருக்காதுங். அம்மா திரும்பி வர்றப்ப ஒரு நாளும் விட்டுப்போகலைன்னு இருக்கோணுமில்லீங்.” அவ்வளவுதான் சொன்னீர்கள். ஹார்ன் சத்தம் கேட்டு ஓடிவிட்டீர்கள்.

மூன்று நாளைக்கொரு தரம் குழாய்த் தண்ணீர் வருகிற தெருவில், உங்கள் வீட்டுக் குடத்தில் எங்கள் வாசலுக்கும் பங்கு வைத்தீர்கள். உங்களிடம் மாடு கிடையாது, மாமாவின் தொண்டுப்பட்டி வரை இருட்டில் நடந்து போய்ச் சாணி எடுத்து வந்திருக்கிறீர்கள். அதற்காக நாலு மணிக்கே எழுந்திருக்கிறீர்கள். இதெல்லாம் மற்றவர்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும். மார்கழி ஏழிலிருந்து, அம்மா வீடு திரும்பிய இருபத்தேழு வரைக்கும், இருபத்தொரு வாசல். ஆஸ்பத்திரியில் எத்தனையோ பேர் எனக்குத் தைரியம் சொன்னார்கள், எதுவும் காதில் ஏறவில்லை. அந்த ஈர வாசலைப் பார்த்த பிறகுதான் அம்மா பிழைத்துவிடுவார் என்று நம்பினேன். இங்கேயும் ஒருவர் எங்கள் கூரையில் புகை வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று தோன்றியது.

ஒன்று சொல்லிவிடுகிறேன் அக்கா. இனி ஒவ்வொரு மார்கழியும் நான் இங்கேதான் இருப்பேன். படகு பனியில் நிற்கட்டும், பார்த்துக்கொள்ள ஆள் இருக்கிறது. உங்கள் வாசலுக்கும் எங்கள் வாசலுக்கும் நான் தண்ணீர் தூக்குகிறேன், கோலத்தை நீங்களும் அம்மாவும் போடுங்கள். நான் ஊரில் இல்லாத மாதங்களில் ராத்திரி பதினொன்றரைக்கு, கரி போட்டதும், அம்மாவின் போன் வரவில்லையென்றால் தூங்க மாட்டேன். உங்களைத்தான் கூப்பிடுவேன். எடுங்கள்.

அம்மா வீட்டுக்கு வந்த அன்று திண்ணை மூலையிலிருந்த முறத்தைக் கேட்டார். மார்கழி பிறந்ததும் தான் வைத்த ஐந்து பிள்ளையார்கள் அதில் காய்ந்திருக்கும் என்று நினைத்தார். முறத்தை மடியில் வாங்கி விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். இருபத்தாறு. இன்னொரு தரம் எண்ணினார். பிறகு எதிர்வீட்டைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் இருந்தார்.

பொங்கல் முடிந்து, பூப்பறிக்கிற நோம்பியன்று நீங்களும் அம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம் அந்த முறத்தைப் பிடித்து, எல்லாப் பிள்ளையார்களையும் காலிங்கராயன் வாய்க்காலில் விட்டீர்கள். ஆவாரம்பூவோடு அவை வளைவைத் தாண்டி மறையும்வரை அம்மா உங்கள் கையை விடவில்லை.

புதன்கிழமை நான் கிளம்புகிறேன்.

அன்புடன்,
வாய்க்கால் வீட்டு மகள்