மே மாதத்தை விட்டுவிடாதே

அன்புள்ள சண்முகம்,

உன் கடிதம் கிடைத்தது. கொழிஞ்சாம்பாறையில் கிழக்குக் காற்று இன்னும் விடவில்லை. மற்றபடி வீட்டில் எல்லாரும் சௌக்கியம்.

உன் மகள் செல்வி என்டிஏவுக்கு, அதாவது முப்படை அதிகாரிகளாகப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்குப் போக ஆசைப்படுகிறாள் என்று படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. 2021 வரைக்கும் பெண் பிள்ளைகள் அதன் நுழைவுப் பரீட்சையை எழுதவே முடியாமல் இருந்தது. புனே பக்கம் கடக்வாஸ்லாவில் இருக்கும் அந்த அகாடமியில் பயிற்சி முடித்த முதல் பெண்கள், 17 பேர், 2025 மே மாதம்தான் வெளியே வந்தார்கள்.

ஆனால் "பிளஸ் டூ முடியட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று எழுதியிருக்கிறாயே, அதை மட்டும் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பரீட்சை வருஷத்துக்கு இரண்டு முறை, ஏப்ரலிலும் செப்டம்பரிலும். செப்டம்பரில் எழுதித் தேறினால் அடுத்த ஜூலையில் சேரலாம். அதாவது பிளஸ் டூ முடிந்த கையோடு. ஏப்ரலில் எழுதினால் அடுத்த ஜனவரி வரை காத்திருக்க வேண்டும். அதனால் பன்னிரண்டாவது படிக்கும்போதே வரும் செப்டம்பர்தான் அவளுக்கு நல்ல நேரம். அதற்கான அறிவிப்பு மே மாதமே வந்துவிடும், விண்ணப்பிக்கச் சில வாரம்தான் அவகாசம். என்னிடம் கணக்கு படித்த பிள்ளைகள் பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். அப்போது தவறினாலும் ஏப்ரல் இருக்கிறது. படிப்பு தொடங்கும்போது வயது பத்தொன்பதரைக்குள் இருந்தால் சரி.

கணக்கு 300 மார்க், பொது அறிவும் ஆங்கிலமும் சேர்ந்து 600. கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். தமிழ் மீடியம் பிள்ளைக்கு அதுதான் பெரிய மலை, ஆகவே இன்றிலிருந்தே தினமும் ஆங்கிலப் பேப்பர் படிக்கச் சொல். தப்பான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு மார்க் போகும், தெரியாததை விட்டுவிடப் பழகட்டும்.

எழுத்துத் தேர்வு தாண்டினால் ஐந்து நாள் எஸ்எஸ்பி, அதாவது ஆளைப் பார்த்து எடைபோடும் நேர்முகத் தேர்வு. அதற்கும் 900 மார்க். அங்கே மனப்பாடம் செய்த பதில் எடுபடாது. ஊரில் நாலு பேரோடு சேர்ந்து வேலை செய்து, கூச்சமில்லாமல் பேசிப் பழகிய பிள்ளைதான் நிற்கும். தினமும் ஓட வை.

பொறியியல் நுழைவுத் தேர்வான ஜேஇஇ மெயினும் எழுதட்டும். கண்ணூர்ப் பக்கம் ஏழிமலைக் கடற்படை அகாடமியில் பி.டெக். சேர்க்கைக்கு அந்த ரேங்க்கைத்தான் பார்க்கிறார்கள்.

ஏப்ரல் லீவில் செல்வியை இங்கே அனுப்பு, கணக்கை நான் பார்த்துக்கொள்கிறேன். தங்கச்சியிடம் மகளை நினைத்துப் பயப்பட வேண்டாம் என்று சொல். பத்தாம் வகுப்புச் சான்றிதழிலும் ஆதாரிலும் பேரும் பிறந்த தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இந்த வாரமே பார்த்து எழுது.

அன்புடன்,
ராமசாமி